உடைத்த கிண்ணங்களில் ஒரு மயில்

போன மாதம் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கூரைகளைப் பற்றி ஏதோ ஆய்வாம். கோப்பியும் கறிபாப்பும் கொடுத்து உட்கார வைத்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் கைப்பேசியை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அங்கிள், சைனீஸ் கலாச்சாரமும் ரொம்பப் பழசு, நம்ம கலாச்சாரமும் ரொம்பப் பழசு. ரெண்டையும் நீங்க எப்படி பிளெண்ட் பண்ணீங்க?"

"நான் கலந்ததெல்லாம் சுண்ணாம்பும் மணலும்தாம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், பல்செட் குளியலறையில் இருந்தது. அவர்கள் போன பிறகுதான் கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை. சங்கமம், இணைப்பு, பாலம் என்று இப்போது மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அவர்கள் மேல். நாங்கள் வெயிலில் கூரைமேல் உட்கார்ந்து அதைச் செய்தபோது இதே ஆட்கள் கலப்படம் என்றார்கள். அப்படிச் சொன்ன வாயாலேயே இன்று சங்கமம் என்கிறார்கள், வாய்க்கு வலிக்காதா? கோபப்பட்டால் சர்க்கரை ஏறும் என்கிறாள் என் மனைவி. ஏறட்டும். எழுதிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

என் தொழில் கோயில் கூரைகளில் உருவம் செய்வது. படிப்பு வரவில்லை, உயரத்தைக் கண்டால் பயமும் வரவில்லை. இந்த இரண்டு தகுதிகளையும் பார்த்து ஆ ஹோக் என்பவர் என்னை வேலைக்கு எடுத்தார். சீனக் கோயில்களின் கூரைகளைப் பழுது பார்க்கும் குத்தகைக்காரர். தமிழும் மலாயும் சீனமும் பேசி, முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடும் ஊர் இது. எனக்கும் அவர் கடைசிவரை தவுக்கேதான். முதலில் மணல் சலித்தேன், பிறகு சுண்ணாம்பு குழைத்தேன், அப்புறம் ஒருநாள் இடுக்கியைக் கையில் கொடுத்தார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். இடையில் வாங்கிய திட்டுகளை எழுதினால் அச்சுக்குப் போகாது.

சீனக் கோயில் கூரையில் நெளியும் டிராகனும் பூக்களும் குதிரை வீரர்களும் மங்கு என்று நாங்கள் சொல்லும் பீங்கான் கிண்ணத்தை வெட்டி ஒட்டியவை. வெட்டுவதற்கென்றே சூளையில் சுட்டு வரும் புதுக் கிண்ணங்கள். மெலிசாக இருக்கும், மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் பளபளக்கும். வைரமுனையால் கோடு இழுத்து, இடுக்கியால் நுனி நுனியாகக் கடித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிண்ணமும் போகும், கட்டைவிரலும் போகும். கிண்ணத்தின் வளைவுதான் இதில் சூட்சுமம். அதன் வயிற்றுப் பகுதியை வெட்டினால் இறகு தானாகவே புடைத்து நிற்கும். விளிம்பை வெட்டினால் நகம். கம்பியில் உடலைக் கட்டி, மேலே சாந்து அப்பி, வாலிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

சீனக் கோயில்களில் வேலை குறையும் மாதங்களில், தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வந்து நம் கோயில்களில் வேலை தொடங்கினால், தவுக்கே என்னை அங்கே அனுப்புவார். அப்படித்தான் சுதை வேலை கற்றேன். அவர்கள் சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டித் தண்ணீரும் ஊற்றினார்கள். தவுக்கேயோ பழுப்புச் சர்க்கரை போடுவார். இரண்டு பழம்பெரும் நாகரிகங்கள் எங்கே சந்தித்தன என்று அந்தப் பெண் கேட்டிருந்தால், சர்க்கரைச் சட்டியில் என்று சொல்லியிருப்பேன். எறும்பு இரண்டு பக்கமும் வந்தது. நோய் எனக்கு மட்டும் வந்தது.

கலக்க வேண்டும் என்று நினைத்து நான் எதையும் கலக்கவில்லை. கை பழகிய வழியில் போய்விடும், அவ்வளவுதான். ஒருமுறை சீனக் குலக்கோயில் ஒன்றில் டிராகனின் முகத்தை முடிக்கச் சொல்லிவிட்டுத் தவுக்கே வெளியூர் போய்விட்டார். நான் பாட்டுக்கு அதற்கு யாளியின் பிதுங்கிய கண்ணை வைத்தேன். கண் நன்றாக அமைந்த உற்சாகத்தில் முனீஸ்வரன் மீசை ஒன்றும் வைத்தேன். மறுநாள் அந்தக் குலத்துப் பெரியவர்கள் கீழே வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "இது டிராகனா, போலீஸ்காரனா?" என்று ஒருவர் மலாயில் கேட்டார். தவுக்கே திரும்பி வந்து ஏணியில் ஏறினார். வெகுநேரம் பார்த்தார். இடுக்கியை எடுத்து மீசையைப் பிடுங்கினார்.

"கண்ணு இருக்கட்டும், நல்லா இருக்கு. மீச உன் மாமாவுக்குக் கொடு லா."

அந்தக் கண் இன்றும் அங்கே இருக்கிறது.

இப்போது மயிலுக்கு வருகிறேன்.

தவுக்கேயின் மகள் சியூ லான் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தாள். டாக்டர்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் காய்ச்சல் போன பிறகும் பிள்ளை காலை ஊன்ற மறுத்தது. பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா செவ்வாய்க்கிழமைதோறும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு லோரோங் என்கிற எங்கள் சந்தின் முனையில் இருக்கும் சின்ன முருகன் கோயிலுக்குப் போய் விபூதி பூசிக் கூட்டி வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளை இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, ஓரத்தில் நிறுத்தியிருந்த மர மயில் வாகனத்தைத் தொட நடந்துபோனது. நடந்தேபோனது. ராஜம்மா அக்கா போட்ட கூச்சலில் குருக்கள் தீபத்தட்டைக் கீழே போட்டுவிட்டாராம்.

மறுநாள் வேலையில் தவுக்கே என்னிடம் சொன்னார்: "டாக்டருக்கு நன்றி சொல்லியாச்சு. உன் சாமிக்கு இன்னும் சொல்லல."

"தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுங்க தவுக்கே. உங்க ஆளுங்க எத்தன பேரு எடுக்குறாங்க!"

"இடுப்பு வலி. பாதி மலையில உட்கார்ந்துட்டா சாமிக்குத்தான் கெட்ட பேரு. கையால ஒண்ணு செஞ்சு கொடுக்குறேன்."

அந்தச் சமயத்தில் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அப்போதைய தலைவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "யாரு செஞ்சா என்ன, மழையில ஒழுகாம இருந்தா சரி," என்று உத்தரவு கொடுத்தார். தவுக்கே மயில் முடியும்வரை மாமிசம் தொடவில்லை. எதிர்க்கடை மீ நூடுல்ஸ் கிண்ணத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுவே ஒரு காவடிதான். அவர் வாழ்நாளில் மயில் செய்ததில்லை, பீனிக்ஸ் பறவைதான் செய்திருக்கிறார். அதனால் கழுத்தும் கொண்டையும் நம் மயில், வால் மட்டும் சுருள் சுருளாக அவர்கள் ஊர்ப் பறவை. விமானத்தின் முன்முகத்தில், கலசத்துக்கு நேர் கீழே நிறுத்தினோம். காலை வெயில் பட்டால் தெருமுனையில் நிற்பவனுக்கும் கண் கூசும்.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய குடமுழுக்கு, கமிட்டிச் சண்டையில் இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் தனபாலன் தலைவரானார். லோரி கம்பெனி வைத்திருப்பவர். தமிழ்நாட்டுக்குப் போய்ப் பெரிய கோபுரங்களையெல்லாம் கைப்பேசியில் அடைத்துக்கொண்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்றார். நம் விமானம் அவர் லோரியைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நல்லதம்பி ஸ்தபதி வந்தார். தவுக்கே வேலையை விட்டுவிட்டதால் நான் ஸ்தபதியின் கீழ் சேர்ந்துகொண்டேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தாழ்த்தியும் கேட்டதில்லை, ஏனென்றால் பேசவே மாட்டார். சாரத்தில் குடையோடு ஏறுவார். நாம் செய்த சுதையை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே காற்று இருந்தால் சத்தம் மாறும். மாறினால், தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த உருவத்தின் தலையில் நிதானமாக ஊற்றிவிட்டு இறங்கிப் போய்விடுவார். உடைத்துத் திரும்பச் செய் என்று அர்த்தம். ஒரே வாரத்தில் என் விநாயகருக்கு அத்தனை அபிஷேகம் நடந்தது. அவருக்குத் தாகமே எடுக்காதா என்று நான் முணுமுணுத்தது காதில் விழுந்து, மறுநாள் இரண்டு பாட்டிலோடு வந்தார்.

அவர் பீங்கான் மயிலைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

சொன்னது தனபாலன்தான். கமிட்டிக் கூட்டத்தில் எங்கள் இருவரையும் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஒடைஞ்ச சாமான வீட்டுல வைப்பமா? விரிசல் விட்ட கண்ணாடியக்கூடத் தூக்கி எறியுறோம். கோயில் உச்சியில ஒடைஞ்ச மங்கு! எவன் எவன் மீ தின்ன மங்கோ!"

"அண்ணே, அதுல யாரும் மீ திங்கல," என்றேன். "வெட்டுறதுக்குன்னே சுட்டு வர்ற புது மங்கு."

"ஆனா ஒடைச்சதுதானே?"

"தேங்காயும் ஒடைச்சதுதான். தைப்பூசத்துக்கு ரோடு பூரா ஒடைக்கிறோம். முழுத் தேங்காயவா சாமிக்கு வைக்கிறோம்?"

செயலாளர் தேநீரை மூக்கு வழியாக விட்டார். தனபாலன் முகம் கறுத்தது.

"தேங்கா வேற, மங்கு வேற. நீ வேல செய்ய வந்த ஆளு மணி. பேச வரல."

"வாலப் பாருங்க, சைனீஸ் ரெஸ்டாரன்ட் வாசல் மாதிரி இருக்கு," என்றார் இன்னொருவர். அந்த ரெஸ்டாரன்டில்தான் அவர் மகள் கல்யாண விருந்து நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன்.

நான் விடவில்லை. "அது அலங்காரம் இல்ல அண்ணே, நேர்த்திக்கடன். ஒருத்தரு பிள்ளைக்காக நேர்ந்துக்கிட்டுக் கொடுத்தது. அத எடுக்க நாம யாரு?"

செயலாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தனபாலன் பெருந்தன்மையோடு சொன்னார்: "அவர மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போட்டுடுவோம்."

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பிள்ளை நடந்ததற்கு ஒரு மனிதன் பட்டினி கிடந்து கொடுத்ததை இடித்துவிட்டு, அவன் தோளில் ஒரு பொன்னாடை! நம் ஆட்கள் எந்த அநியாயத்தையும் பொன்னாடையால் மூடிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். இடிப்பது என்று முடிவானது.

அப்போது ஸ்தபதி முதல்முறையாக வாயைத் திறந்தார். "இடிச்சா விமானம் அதிரும். மேல வர்ணம் பூசிடலாம்."

தனபாலனுக்கு அதுவும் பிடித்தது. "நல்ல மயில் நீலமாப் பூசுங்க."

அந்த மனிதர் மேல் வைத்திருந்த மரியாதை எல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே போனது. என் விநாயகரை அத்தனை தடவை உடைக்க வைத்தவருக்கு, ஒரு லோரிக்காரரை எதிர்த்துப் பேச நாக்கு இல்லையா?

தவுக்கேயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். முட்டி தேய்ந்து ஏணி ஏறுவதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. கேட்டுவிட்டுக் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் கொடுத்தத சாமி திருப்பிக் கொடுக்குதா?"

"சாமி இல்ல தவுக்கே, கமிட்டி."

"உங்க கோயில்ல ரெண்டும் வேற வேறயா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். அவரே மெல்லிய குரலில் தொடர்ந்தார். "சியூ லானுக்கு இது ஆறாவது மாசம். நேர்ந்தத மூடுனா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே, மணி?"

எதற்கும் ஒரு வேடிக்கை பதில் வைத்திருப்பவன் என்று எனக்கு ஊரில் பெயர். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கோப்பிக்குக்கூட அவர்தான் காசு கொடுத்தார்.

சாரம் பிரிப்பதற்கு முந்தின நாள் ஸ்தபதி என்னிடம் ஒரு டின்னை நீட்டினார். நீலம். வெளிப்புறச் சுதைக்கு நாங்கள் பூசும் எண்ணெய் வர்ணம் இல்லை, சுவருக்கு அடிக்கிற மலிவான தண்ணீர் வர்ணம்.

பீங்கானின் பளபளப்பு மேல் எந்த வர்ணமும் சாதாரணமாக நிற்காது. முதலில் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டால் அந்தப் பளபளப்பு திரும்ப வராது. தொழில்காரனாகக் கேட்டு வைத்தேன்.

"ஐயா, தேய்ச்சுட்டுப் பூசவா?"

"தேய்க்கச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சீக்கிரம் முடித்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறப் பார்க்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். நான் அவ்வளவு புத்திசாலி. பூசினேன். தவுக்கேயும் நானும் சுருள் சுருளாக ஒட்டிய ஒவ்வொரு இறகையும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆக்கினேன். மழைக்காலம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரியும் என்ற ஒரே ஆறுதலோடு இறங்கினேன்.

குடமுழுக்கு அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. லோரோங் முழுக்கக் கூட்டம். தனபாலன் வெள்ளைப் பட்டு ஜிப்பாவில் விமானத்துக்கு நேர் கீழே, படம் எடுப்பவருக்கு வாகாக நின்றார். தவுக்கே மகள் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். மேலே பார்க்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் உச்சத்துக்கு ஏறியது. குருக்கள் குடத்தோடு விமானத்தில் ஏறிக் கலசத்தின்மேல் தீர்த்தத்தை ஊற்றினார். ஒரு குடம், அடுத்த குடம், அதற்கும் அடுத்த குடம். தண்ணீர் எங்கே போகும்? கலசத்துக்கு நேர் கீழே மயில் இருக்கிறது. மழையைப் பற்றி யோசித்த எனக்குக் குடத்துத் தண்ணீரைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. குடமுழுக்குக்கு வேலை செய்தவன் குடத்தை மறந்தேன் என்றால் என் மூளையைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீலம் இறங்கியது. கழுத்தில் ஒரு கோடாக ஆரம்பித்து, வாலில் பல கோடுகளாகப் பிரிந்து, விளிம்பிலிருந்து கொட்டியது. கீழே கையேந்தி நின்றவர்கள் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொண்டார்கள். தனபாலன் கண்களை மூடி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். கண் திறந்தபோது ஜிப்பாவில் வெள்ளை மிச்சம் இல்லை.

"ஐயோ, முருகா! மயிலப் பாருங்க!" என்று ராஜம்மா அக்கா கத்தினார்.

பச்சையும் நீலமும் மஞ்சளுமாக ஒவ்வொரு சில்லும் ஈரத்தோடு வெயிலில் எரிந்தது. கூட்டம் "வெற்றிவேல்" என்று அதிர்ந்தது. என் பக்கத்தில் தவுக்கே முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"டேய் மணி!" தனபாலன் நீலம் சொட்டச் சொட்ட வந்தார். "நாளைக்கே ஏறி நல்ல பெயிண்டாப் பூசு! இல்ல, இடிச்சுத் தள்ளு!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்தபதி நடுவில் வந்து நின்றார். கைகூப்பி, அதே ஏறாத இறங்காத குரலில் சொன்னார்.

"குடமுழுக்கு ஆயிடுச்சுங்க. இனி அடுத்த குடமுழுக்கு வரைக்கும் விமானத்துல யாரும் கை வைக்கக்கூடாது. வச்சா ஆகாது."

அந்த நியமத்தைத் தனபாலனும் அறிவார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அறிவார்கள். அவர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் ஆமாம் என்று தலையாட்டினார். கமிட்டியைப் பார்த்தார். தூக்குவதற்குப் பழகிய அத்தனை கைகளும் மயிலை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் அவரும் கும்பிட்டார்.

ஸ்தபதி அன்றிரவே விமான நிலையத்துக்குக் கிளம்பினார். "ஐயா, தெரிஞ்சேதான் அந்த டின்ன எடுத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். இரண்டு பழம்பெரும் கலாச்சாரங்களின் சங்கமம் என்று தனபாலன் அவர்களுக்கு விளக்குகிறார், எத்தனை எதிர்ப்பு வந்தும் இதைக் காப்பாற்றியது தான்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். எதிர்த்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. செய்தவர் பெயரையும் அவர் சொல்வதில்லை. அதனால் இங்கே நான் சொல்கிறேன்: ஆ ஹோக். கூரை வேலைக்காரர். சியூ லானின் அப்பா.

அன்று கூட்டம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை விரலால் கூப்பிட்டார்.

"மணி. வால்ல, இடது பக்கம், நாலாவது எறகு. கோணல்."

பார்த்தேன். கோணல்தான்.

"யாரு ஒட்டுனது?"

"வேற யாரு தவுக்கே, நான்தான்."

"ஏறிச் சரி பண்ணு."

"முடியாது தவுக்கே. அடுத்த குடமுழுக்கு வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இப்பதானே ஸ்தபதி சொன்னாரு?"

என்னை முறைத்தார். மயிலை முறைத்தார். சியூ லான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தார், முகம் மெல்ல இளகியது.

"கோணலா இருந்தா இருக்கட்டும் லா," என்றார். "இருக்குதுல்ல."